பதினாறாம் வாய்ப்பாடு கேட்ட முட்டைகள்

ரிஹானா மூளை டாக்டர் இல்லை. இந்த ஒரு செய்தியைச் சேலத்துச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கப் பட்ட பாட்டில் பாதியை ஆராய்ச்சியில் பட்டிருந்தால் இந்நேரம் ஏதாவது பெரிய பரிசு வாங்கியிருப்பாள். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு உட்கார்ந்தால் போதும், பக்கத்து நாற்காலியில் ஓர் ஒற்றைத் தலைவலி வந்து உட்காரும். எதிர் நாற்காலியில் கணக்கு வராத பையன். காரணம் அவள் அம்மா மதீனா பீவி. “எம் மக மூளையிலதான் இருக்கா” என்று செவ்வாய்ப்பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

“அம்மா, நான் பாக்கறது கோழிக்குஞ்சு மூளைம்மா.”

“மூளைன்னா மூளைதானே. இவங்க மட்டும் என்ன, புலி மூளையா வச்சிருக்காங்க? பாத்து ஒரு மாத்திரை எழுதிக் குடு.”

உண்மையைச் சொன்னால் அவள் பார்த்தது குஞ்சுகூட இல்லை. முட்டைக்குள் இருக்கும் கரு. அந்தக் கருவின் மூளையில், காது கேட்பதற்கென்று ஒரு நரம்புக் கொத்து இருக்கிறது. கடுகளவுகூட இருக்காது. அது எப்போது விழித்துக்கொள்கிறது, முட்டை ஓட்டைத் தாண்டி வரும் சத்தம் அதை வளர்க்கிறதா, இல்லை யாருக்கும் காத்திராமல் தன்பாட்டுக்கு அது வளர்ந்துகொள்கிறதா என்பதுதான் ரிஹானாவின் கேள்வி. இந்த ஒரு கேள்வியோடு சென்னையில் பட்டம் வாங்கி, பெங்களூரில் முனைவராகி, ஜெர்மனியில் ஆறேழு குளிர்காலங்களைப் போக்கிவிட்டு, தலையில் முன்பக்கம் நரை விழுந்த பிறகும் அதே கேள்வியோடுதான் ஊர் திரும்பினாள். சத்தம் வளர்க்கிறது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவளையும், ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன் பேராசிரியரையும் தவிர யாரும் இல்லை. அவருக்கும் காது கேட்காது.

அரசு நிறுவனங்களில் வயது தாண்டிவிட்டது என்றார்கள். தனியார் கல்லூரிகளில் எத்தனை மாணவர்களைச் சேர்த்துவிடுவீர்கள் என்று கேட்டார்கள். இந்த நிலையில்தான் நாமக்கல்லிலிருந்து தாளாளர் செங்கோட்டையன் கூப்பிட்டார்.

செங்கோட்டையனுக்குக் கோழிப் பண்ணைகள் இருந்தன, குஞ்சு பொரிக்கும் கூடம் இருந்தது, விடுதியோடு கூடிய பள்ளி இருந்தது, திருச்செங்கோடு சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியும் இருந்தது. நான்கையும் அவர் ஒரே முறையில்தான் நடத்தினார். நேரத்துக்குத் தீனி, நேரத்துக்கு விளக்கு, சரியான எடை வந்ததும் லாரி. ஆனாலும் கெட்ட மனிதர் இல்லை. எதிரில் இருப்பவர் உட்காராமல் தான் உட்கார மாட்டார்.

“மேடம், முட்டை நம்மகிட்ட இருக்குது. மூளை உங்ககிட்ட இருக்குது. சேந்துக்கலாமுங்க” என்றார்.

இவ்வளவு சுருக்கமாக யாரும் அவளை வேலைக்கு எடுத்ததில்லை. சேர்ந்துகொண்டாள்.

பள்ளி வளாகத்தின் கிழக்கு மூலையில் ‘மூளை வளர்ச்சி உயராய்வு நடுவம்’ எழுந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபைபர் மூளை. அதைச் செய்தது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அவர்கள் அதற்கு ரோஜா நிறம் அடித்து, ஓரத்தில் பூக்கொடி போட்டு, பின்பக்கம் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டி, கைப்பழக்கத்தில் கீழே ‘பார்த்து வா’ என்றும் எழுதிவிட்டார்கள். தாளாளருக்கு அது பிடித்துப்போனது. மூளைக்குப் பொருத்தமான வாசகம்தானே என்றார். அந்த மூளையின் செலவில், அடைகாக்கும் மெஷின்களுக்கு ரிஹானா கேட்டிருந்த வெப்பப் பதிவுக் கருவி அடிபட்டுப்போயிற்று. மெஷின் முகப்பில்தான் சூடு எவ்வளவு என்று நம்பர் ஓடுகிறதே, அதற்கு மேல் என்ன பதிவு என்று கேட்டார்கள். அவளும் விட்டுவிட்டாள். முப்பது பேர் வரிசையில் நிற்காத நுண்ணோக்கி ஒன்று முதல்முறையாகத் தனக்கே தனக்கென்று கிடைத்திருந்த சந்தோஷத்தில் அவள் நிறைய விஷயங்களை விட்டுவிட்டாள்.

அப்படி விட்டுவிட்டவற்றில் பெரியது வாய்ப்பாடு.

முட்டைகளுக்குச் சத்தம் கேட்கவைக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தாளாளர் ஒரு நாள் அறைக்கு வந்தார். “என்ன சத்தமுங்க மேடம் போடறீங்க?”

“தாய்க்கோழி கூப்பிடற சத்தம்தாங்க. கொக் கொக்னு.”

அவர் முகம் வாடிப்போனது. “கொக் கொக்குன்னு போஸ்டர் அடிக்க முடியுமுங்களா? படிப்பு சம்பந்தமா ஏதாச்சும் போடுங்க. கருவுக்குச் சத்தம் கேக்குதா இல்லியான்னுதானே பாக்கறீங்க? எந்தச் சத்தமா இருந்தா என்னுங்க?”

இதில் கொடுமை என்னவென்றால் அவர் சொன்னது அறிவியல்படி சரி. கேள்விக்கு எந்தச் சத்தமும் போதும். இப்படித்தான் பள்ளியின் கணக்கு ஆசிரியை டெபோரா, ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் பேசிக்கொடுத்தாள். கணீரென்ற குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். டெபோரா அப்போது மாசமாக இருந்தாள், தலைச்சன். அவள் புருஷன் ஜோஸ்வா ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போயிருந்தான்.

ரிஹானா ஏற்பாட்டை ஒழுங்காகத்தான் செய்தாள். இரண்டு மெஷின்கள். முன்கூடத்தில் இருப்பதில் வாய்ப்பாடு ஓடும். பின்னறையில் இருப்பதில் சத்தமே கிடையாது. நடுவில் இரண்டு சுவர். ஓடு உடைந்து குஞ்சு வெளியே வரும் நாளுக்கு முந்தைய நாள் இரண்டிலிருந்தும் சில முட்டைகளை எடுத்து, எது எதிலிருந்து வந்தது என்று தனக்கே தெரியாதபடி மறைத்து, கருவின் மூளையைச் சீவி அந்த நரம்புக் கொத்தை அளப்பாள். முதல் தடவை அளந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை.

மூன்றாம் தடவைக்குத் தாளாளர் நாள் குறித்தார். குஞ்சு பொரிக்கும் அன்றைக்கே நடுவத்தின் திறப்பு விழா. சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டுவார், ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு எட்டிப்பார்க்கும், புகைப்படம் எடுக்கப்படும். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரை மணி.

அன்று நடந்ததை நாமக்கல்லில் இன்றும் சொல்வார்கள். விருந்தினர் முன்கூடத்து மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். ஒலிபெருக்கியில் “பதினாறு ஏழு நூத்திப் பன்னெண்டு” என்று டெபோராவின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள்ளே தட்டு நிறையக் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. பின்னறை மெஷினில் ஒரு முட்டைகூட விரிசல் விடவில்லை. அது மறுநாள் சனிக்கிழமை மத்தியானம்தான் பொரிந்தது.

“பாத்தீங்களா!” என்றார் தாளாளர். “வாய்ப்பாடு கேட்டது முந்திக்கிச்சு. கேக்காதது தூங்குது!”

ரிஹானா வெளியில் சிரித்தாளே தவிர உள்ளுக்குள் இதைப் பொருட்படுத்தவில்லை. குஞ்சு பொரிப்பதில் முன்னேபின்னே ஆவது சகஜம். ஆனால் வியாழக்கிழமை எடுத்துவைத்திருந்த மூளைகளைச் சீவி, அளந்து, மறைத்ததை விலக்கிப் பார்த்த அன்று அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சத்தம் கேட்ட கருக்களின் நரம்புக் கொத்து பெரிதாகவும் நெருக்கமாகவும் இருந்தது. குட்டி வித்தியாசம் இல்லை. ஜெர்மனிக் கிழவர் கண்ணாடி போடாமலே பார்க்கக்கூடிய வித்தியாசம். இத்தனை வருஷமாக அவளும் அவரும் மட்டும் இருந்த கட்சி ஜெயித்துவிட்டது.

இரண்டு தடவை வராதது மூன்றாம் தடவை ஏன் வந்தது என்று கேட்கவேண்டிய ஆள் அவள்தான். அந்த ஆள் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. இருபது வருஷம் ஒரு கதவைத் தட்டுகிறவள், அது திறந்துகொண்டால் கீல் சரியாக இருக்கிறதா என்றா பார்ப்பாள்?

அம்மாவுக்குப் போன் போட்டாள். “அம்மா, வந்துருச்சும்மா.”

“வராம? போன வாரமே தர்காவுக்குப் போய் உன் முட்டைக்குன்னு ஓதிட்டு வந்தேனே. ஏன்டி, இனிமேலாச்சும் மனுசங்களுக்குப் பாப்பியா?”

தாளாளர் போன் கீன் போடவில்லை. நேராக ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார். பரமத்தி சாலை நெடுக ‘கருவறைக் கல்வி! நிரூபித்தது நம் நடுவம்!’ படத்தில் டெபோரா வயிற்றில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைச் சுற்றிப் பள்ளியின் சின்னம் போட்ட ஒரு பட்டை. அதில் இரண்டு சின்ன ஸ்பீக்கர். கர்ப்பிணித் தாய்மார்கள் இப்போதே பதிந்துகொண்டால் பிள்ளைக்கு மழலையர் வகுப்பில் இடம் உறுதி. கூடவே ரிஹானாவுக்கு ‘மூளைச்சுடர்’ பட்டம் வழங்கும் பாராட்டு விழாவும் ஏற்பாடானது. அதே மேடையில் சேர்க்கையும் தொடங்கும்.

கருவறைக் கல்வி என்பது தன் ஆராய்ச்சியில் எங்கும் இல்லையே என்று ரிஹானா ஒரு தடவை முணுமுணுத்தாள். “அதெல்லாம் வெளம்பரமுங்க மேடம். நீங்க உங்க கட்டுரைய எழுதுங்க” என்றார். அவள் எழுதத்தான் செய்தாள். நன்றாகவே வந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முத்தாயம்மாள் நடுவத்துக்கு வந்தார். தாளாளரின் மனைவி, அறக்கட்டளையின் செயலாளர். கோழித் தொழிலுக்குள் பிறந்து கோழித் தொழிலுக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டவர். கையில் ஒரு தூக்குவாளி. “ஊட்டுல பணியாரம் சுட்டேன் சாமி. சூடா ரெண்டு தின்னு” என்று நுண்ணோக்கி மேசையிலேயே வைத்தார்.

“எதுக்குங்கம்மா சிரமம்?”

“சிரமம் என்ன சாமி. நீ ஜெயிச்சதுல எனக்கும் பங்கு இருக்குதல்லோ?” என்று கண்ணைச் சிமிட்டினார். “சொல்லோணும்னு இருந்தேன். அவுரு திட்டுவாருன்னு கம்முனு இருந்துட்டேன். வெள்ளிக்கெழமை எந்நேரத்துல ராகு காலம், சொல்லு பாக்கலாம்?”

ரிஹானாவுக்குத் தெரியவில்லை.

“பத்தரைல இருந்து பன்னெண்டு. நீ பாட்டுக்கு வெள்ளிக்கெழமை உச்சிக்கு முன்னாடியே பொரியும்னு சொல்லிப்போட்டே. புதுக் கட்டடத்துத் தெறப்பு விழாவுல மொத உசுரு ராகு காலத்துல வாயத் தொறந்தா வெளங்குமா? அதான் திங்கக்கெழமையே பின்னாடி மெசினுக்குச் சூட்டக் கொறச்சு வச்சுட்டேன். ஒரேயடியா இல்ல, துளி துளியா. ஒரேயடியாக் கொறச்சா குஞ்சு செத்துப்போயிரும். சனிக்கெழமை காத்தால போயி மறுக்காவும் பழையபடி ஏத்தி வச்சுட்டேன். பாத்தியல்லோ, மத்தியானம் நல்ல நேரத்துல எல்லாம் சொகமா வந்துச்சு.”

ரிஹானா பணியாரத்தை வாயில் வைத்திருந்தாள். மென்று விழுங்க மறந்துவிட்டாள்.

“முன்னாடி மெஷினு?” என்று கேட்டாள்.

“அது பூட்டியிருந்துச்சே. சாவி உங்கிட்ட. அதுக்கு எலுமிச்சம்பழம் கட்டிவுட்டேன். பின்பக்கமா, ஆருக்கும் தெரியாம.”

“அம்மா, மெஷினைத் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேனே.”

“அது ஆளுக்காரங்களுக்குத்தானே சாமி?” முத்தாயம்மாளுக்கு இப்போது லேசாகச் சந்தேகம் தட்டியது. “ஏன் சாமி, தப்புங்களா? இன்னிக்கு ஆசுபத்திரியில நாள் பாத்து, நேரம் பாத்துத்தானே வயித்தக் கீறிப் பிள்ளைய எடுக்கறாங்க? படிச்ச டாக்டருங்களே எடுக்கறாங்க. கோழிக்குஞ்சுக்கு ஒரு நேரங்காலம் பாக்கக்கூடாதா?”

முத்தாயம்மாளுக்குத் துரோக எண்ணம் துளியும் கிடையாது. இந்த ஊரில் நாள் பார்த்துத்தான் போர் போடுகிறார்கள், லாரிக்குப் பூஜை போடுகிறார்கள், பிள்ளையை வெளியே எடுக்கிறார்கள். முட்டையை மட்டும் விட்டுவைப்பார்களா? ஒரு தர்கா, ஒரு எலுமிச்சம்பழம், விசாரித்தால் டெபோராவும் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருக்கக்கூடும். இவ்வளவு சிபாரிசோடு எந்த முட்டையும் உலகத்தில் அடைக்கு உட்கார்ந்ததில்லை. ஆனால் விஷயம் இதுதான்: சூடு குறைந்த மெஷினில் கரு மெதுவாக வளரும். நரம்புக் கொத்தும் மெதுவாக வளரும். வாய்ப்பாடு எதையும் வளர்க்கவில்லை. பின்னறையில் குளிர்தான் வளரவிடாமல் செய்திருக்கிறது. கட்சி ஜெயிக்கவில்லை. எதிர்க்கட்சியின் ஓட்டுப்பெட்டியை ராகு காலம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

“தப்பில்லைங்கம்மா. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு” என்றாள். அது உண்மை. அவளுக்குத்தான் அது நல்லதாகப் போகவில்லை.

மறுநாள் காலையில் தாளாளரின் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று, அவள் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்து, மோர் வரவழைத்து, சொன்னதையெல்லாம் நடுவில் பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை உருட்டினார்.

“எங்கூட்டுக்காரி வேலைதானா இது” என்றார். கோபப்படவில்லை. “செரி. இதையச் சொல்லோணும்கறீங்க.”

“சொல்லித்தானே ஆகணும்ங்க. தப்பான முடிவு.”

“உண்மைய ஆருங்க வேண்டாங்கறது? தாராளமாச் சொல்லுங்க. அட்மிசன் முடியட்டும். ஜூன்ல சொல்லுங்க.”

“ஜூன்ல சொன்னா அது…”

“அதுவும் உண்மைதானுங்களே மேடம்? உண்மை கெட்டுப்போற சாமானா? முட்டையா அது?” அவர் குனிந்து குரலைத் தணித்தார். “பாருங்க, நான் உங்களப் பொய் சொல்லச் சொல்லலை. மேடையேறி நன்றின்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க, சால்வைய வாங்கிக்குங்க, எறங்கிருங்க. அப்பறம் நீங்க கேட்டீங்களே, அந்தச் சூடு பதியற கருவி, அது ரெண்டு வாங்கிக்கலாம். மறுக்காப் பண்ணிப் பாருங்க. ஆரு கண்டா, அப்பவும் இதே மாதிரி வந்துச்சுன்னா?”

ரிஹானா வெளியே வந்தபோது பாதி சம்மதித்திருந்தாள் என்பதை மறைத்துப் பயனில்லை. அவர் கடைசியாகச் சொன்னதுதான் குத்தியது. யார் கண்டது? அவள் நம்புவது நிஜமாகவே உண்மையாக இருக்கலாம். ஜூன் மாதம் ஒன்றும் தூரத்தில் இல்லை. அதற்குள் ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக வந்துவிட்டால், இப்போது வாயைத் திறப்பது வீண் அவசரம் ஆகாதா? இந்த நடுவத்தை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை. இந்த வயதில் இன்னொரு செங்கோட்டையனை எங்கே போய்த் தேடுவது? படித்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களில் தவறு கண்டுபிடிப்பது கஷ்டம். இலக்கணம் எல்லாம் சரியாக இருக்கும்.

விழாவன்று ரிஹானா மண்டபத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள். மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் டெபோரா உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வயிற்றில் அந்தப் பட்டை. உற்றுக் கேட்டால் அதற்குள்ளிருந்து அவள் குரலே சன்னமாக வந்துகொண்டிருந்தது.

“விழாவுக்குத்தானே? இப்பவே ஏன் போட்டிருக்கே?” என்றாள் ரிஹானா.

“விழாவுக்கு இல்ல மேடம். எப்பவுமே போட்டிருக்கேன்.” டெபோரா எழுந்திருக்கப் பார்த்தாள், ரிஹானா தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். “ராத்திரி தூங்கறப்பவும்தான். தாளாளர் சார் ஆறு மணி நேரம் போதும்னு சொன்னாரு. நான்தான் கூடவே இருக்கட்டும்னு… மேடம், ஒண்ணு கேக்கலாமா? முட்டைக்குப் பதினாறு வரைக்கும்தானே போட்டோம். மனுசக் குழந்தைக்கு இருபது வரைக்கும் போகணுமா?”

ரிஹானாவின் பார்வை பட்டையின் கொக்கிக்குப் போனது.

“வாய்ப்பாடு ஓடுச்சுன்னா உதைக்குது மேடம். நிறுத்துனா அடங்கிருது. ‘பதில் சொல்லுது பாரு, அறிவாளி’ங்கறாரு சார். எனக்குத்தான் தூக்கமே இல்ல. ஒவ்வொரு உதைக்கும் முழிப்பு வந்துருது. எங்க வீட்டுக்காரரு போன்ல கத்தறாரு, ‘கழட்டி வீசிட்டுத் தூங்குடீ’ன்னு. அவருக்கு என்ன மேடம், எட்டாவதோட நின்னவரு. எங்க குழந்தைக்காச்சும் கணக்கு வரட்டுமேன்னுதான்…” அவள் சிரிக்கப் பார்த்தாள். “இன்னொருத்தங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்க மூளையில இருக்கறவங்க. நீங்களே அளந்து பாத்திருக்கீங்க.”

வயிற்றுக்குள்ளே குழந்தை பதில் சொல்கிறதா, திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறதா என்று ரிஹானாவுக்குத் தெரியாது. கோழி முட்டையைத் தாண்டி அவள் எதையும் அளந்ததில்லை. ஆனால் ஜூன் எவ்வளவு தூரம் என்பது இப்போது தெரிந்தது. டெபோராவுக்குப் பிரசவம் அதற்கு முன்பே.

மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தமிழாசிரியர் ஒருவர் ரிஹானாவை ‘கருவுக்குள் கல்விக்கண் திறந்த காரிகை’ என்றார். இன்னொருவர் அதற்கும் மேலே போனார். கூட்டத்தில் பாதிப் பேர் கர்ப்பிணிகளும் அவர்களை அழைத்துவந்த மாமியார்களும். தாளாளர் மைக்கை அவளிடம் தந்தபோது காதோரம் “ரெண்டே வார்த்தை மேடம்” என்று நினைவூட்டினார்.

ரிஹானாவுக்கு மேடைப் பேச்சு வராது. அவள் பேசிப் பழகியதெல்லாம் பத்துப் பேர் தூங்கும் கருத்தரங்குகளில்.

“எல்லாரும் மன்னிக்கணும்” என்றாள். “வாய்ப்பாடு கேட்ட முட்டை நல்லா வளர்ந்துச்சுன்னு சொன்னது தப்பு. பின்னாடி இருந்த மெஷின்ல சூடு கொறைஞ்சு போயிருந்தது. அதனாலதான் அந்தக் குஞ்சுங்க பின்தங்குச்சு. வாய்ப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு அது அப்ப தெரியாது. மெஷின் முகப்புல ஓடற நம்பரைத் தினம் பாத்திருக்கணும், பாக்கலை. வயித்துல பிள்ளையோட இருக்கறவங்க யாரும் இதை நம்பி ஒண்ணும் கட்டிக்க வேண்டாம். நல்லாச் சாப்பிடுங்க. நல்லாத் தூங்குங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.”

ஒரு மாமியார் பக்கத்திலிருந்தவளிடம் “அப்ப சீட்டு இல்லியா?” என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

அப்போது முன்வரிசையிலிருந்து முத்தாயம்மாள் எழுந்தார். அவர் பெயரை ரிஹானா வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருந்தாள்.

“அந்தச் சூட்டக் கொறச்சது நாந்தானுங்க!” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “டாக்டரம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க. அதுக்குப் பெரிய மனசு, என் பேரச் சொல்லல. ராகு காலத்துல பொரியக் கூடாதுன்னு நாந்தான் தள்ளிப் போட்டேன். அறுபது முட்டைங்க. ஒண்ணுகூடச் சாகலீங்க. அத்தனையும் நல்ல நேரத்துல உசுரோட வந்துச்சுங்க.”

முதலில் ஒரு கை தட்டியது. பிறகு பத்து. பிறகு மண்டபமே தட்டியது. கர்ப்பிணிகள் தட்டினார்கள், மாமியார்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்த அறிவியல் இப்போதுதான் மேடைக்கு வந்திருந்தது.

செங்கோட்டையன் நாற்பது வருஷம் முட்டை விலையோடு மல்லுக்கட்டியவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க அவருக்கு ஒரு கண நேரம் போதும். மைக்கைக் கையில் எடுத்தார். “இதுதானுங்க நம்ம நிறுவனத்தோட நேர்மை! தப்புன்னா தப்புன்னு மேடையிலயே சொல்லுவோம். நேரங்காலத்தோட மகிமைய இன்னிக்கு நம்ம செயலாளர் அம்மா நிரூபிச்சிருக்காங்க. இந்த வருசம் சேர்க்கைப் படிவம் ராகு காலம், எமகண்டம் தவிர்த்து, சுப நேரத்துல மட்டும்தான் வழங்கப்படும்!”

ரிஹானாவுக்காகத் தட்டில் மடித்து வைத்திருந்த பட்டுச் சால்வை முத்தாயம்மாளின் தோளில் ஏறியது. அவர் திணறிப்போய், “எனக்கு என்னத்துக்குங்க இது, டாக்டரம்மாளுக்குப் போடுங்க” என்றது கைதட்டலில் மூழ்கிப்போனது.

பக்கவாட்டுப் படியில் ரிஹானா இறங்கியபோது தாளாளர் பின்னாலேயே வந்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாப் பேசுனீங்க மேடம். நாளைக்கு நடுவத்துச் சாவிய ஆபீசுல குடுத்துருங்க. அங்க அபாகஸ் வகுப்பு போடலாம்னு இருக்கோம்.” ஒரு படி இறங்கிவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டவர் போல் நின்றார். “சேலம் போறதுக்குக் காரு சொல்லட்டுங்களா? வெயிலு.”

“வேண்டாங்க. பஸ்ஸுல போயிக்கறேன்.”

“செரிங்க” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டது போல்தான் இருந்தது. பிறகு மேடைக்குத் திரும்பிப் போனார்.

நுண்ணோக்கி போயிற்று. மெஷின்கள் போயின. அறையில் பாதி எழுதிய கட்டுரை கிடந்தது; இன்று மாலை அதை அழிக்க வேண்டும். ஜெர்மனிக் கிழவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அதைவிடத் தெரியவில்லை. நாற்பத்து நாலு வயதில், எங்கிருந்து தொடங்கினாளோ அங்கேயே வந்து நிற்கிறாள். கேள்வி மட்டும் அப்படியே இருந்தது: சத்தம் வளர்க்கிறதா, இல்லையா? இன்னும் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அதை நினைத்தபோது அவளுக்குப் பசித்தது.

மேடைக்குப் பின்னால் அந்தச் சின்ன அறையில் டெபோரா அதே நாற்காலியில் இருந்தாள். ஒலிபெருக்கி வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இரண்டு கையும் பட்டையின் கொக்கி மேல். ஆனால் கழற்றவில்லை.

“மேடம், நெஜமாவே இது ஒண்ணும் பண்ணாதா?”

“பண்ணுமா பண்ணாதான்னே எனக்குத் தெரியாது டெபோரா. பண்ணும்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.”

டெபோராவின் முகத்தில் ஏமாற்றம் வந்தது, கோபம் வந்தது. அந்தக் கோபம் தன்மேல்தான் என்று ரிஹானா காத்து நின்றாள். “மூணு வாரமா மேடம்” என்றாள் டெபோரா. “மூணு வாரமா என் குரலையே நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“தெரியும். என்னாலதான்.”

டெபோரா கொக்கியைத் திறந்தாள். பட்டை மடியில் விழுந்தது. “பதினாலு ஒம்பது” என்று சொல்லிக்கொண்டிருந்த குரலை அவளே பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே அசைவு அடங்கியிருந்தது.

மண்டபத்தில் சுப நேரம் பற்றிய அறிவிப்பு மறுபடியும் ஒலித்தது. ரிஹானா போய்க் கதவைச் சாத்தினாள். இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து டெபோராவின் எதிரில் போட்டாள், கால் நீட்டிக்கொள்ள.

“இங்கயே தூங்கலாமா மேடம்?” என்று கேட்டாள் டெபோரா. “சார் தேடுனா?”

“தேடட்டும்” என்றாள் ரிஹானா. “நான் வாசல்ல உட்கார்ந்திருக்கேன். நீ தூங்கு.”